பிஸ்கட்டும் நஷ்டஈடும்

தில்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல நான் கோர்ட் வாசலை மிதிச்சது ரெண்டே தரம். முதல் தரம் வாடகை ஒப்பந்தத்துக்கு நோட்டரி கையெழுத்து வாங்க. ரெண்டாவது தரம் 2024 மே மாசம், லோக் அதாலத்துல டிராஃபிக் சலான் கட்ட. (வண்டி ஓட்டினது தங்கமணி, சலான் வந்தது என் பேர்ல. இதுக்கெல்லாம் எந்தக் கோர்ட்டும் நஷ்டஈடு தராதுங்கறது வேற விஷயம்.)

ரெண்டு மணி நேரம் க்யூவுல நின்னு, சலானைக் கட்டி முடிச்சு வெளியில வந்தா, வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கடை. 'டிஜேஸ்'னு போர்டு. தில்லிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், திகார் ஜெயில் கைதிகள் தயாரிக்கிற சாமான்கள் அந்தப் பேர்லதான் வருது. பிரெட், மிக்ஸர், கடுகு எண்ணெய், பிஸ்கட், நாற்காலி மேஜை வரைக்கும். நல்ல காரியம்தானேன்னு ரெண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்க வீட்டுல வேலை செய்யற அக்கா அப்பதான் பாத்திரம் தேச்சு முடிச்சிருந்தாங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊரு. கல்யாணம் ஆன வருஷமே புருஷனோட தில்லி வந்தவங்க. புருஷன் இப்ப இல்லை. நாலு வீட்டு வேலை. எங்க பொண்ணுக்கு மட்டுமில்லை, எங்க ரெண்டு பேருக்குமே அவங்க 'அக்கா'தான். தங்கமணி டீ போட்டு, தட்டுல பிஸ்கட்டும் வெச்சு நீட்டினா.

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு சார், எங்க வாங்குனீங்க?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? திகார் ஜெயில்ல பேக்கரி இருக்கறது, கைதிகளுக்கு அங்க வேலை கத்துக் கொடுக்கறது, வேலைக்குக் கூலி தர்றதுன்னு ஒரு பிரசங்கமே பண்ணினேன். பாதி கடிச்ச பிஸ்கட்டை அக்கா மெதுவா சாஸர்ல வெச்சாங்க.

"அவனும் அங்கதான சார் இருக்கான்?"

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைச்சுது.

அக்காவுக்கு ஒரே பையன். இங்கயே பொறந்து வளர்ந்தவன். அம்மாகிட்ட தமிழ், மத்தவங்ககிட்ட ஹிந்தி. பன்னெண்டாவது முடிச்சிட்டு பைக்ல சாப்பாடு டெலிவரி பண்ணிட்டிருந்தான். 2022 ஜனவரியில ஒரு ராத்திரி, பனிமூட்டம், பதினோரு மணி. கடைசி ஆர்டரைக் கொடுத்துட்டுத் திரும்பும்போது மூணு பேர் வண்டியை மறிச்சு போனைப் பிடுங்கியிருக்காங்க. இவன் விடலை. அந்த போன் இல்லைன்னா மறுநாள் வேலையே இல்லையே. ஒருத்தன் கத்தியை வீசினான். வலது மணிக்கட்டுல ஆழமா வெட்டு. நரம்பும் தசைநாரும் அறுந்துபோச்சு.

முதல்ல அரசு ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க. அப்புறம் கை சரியா வேலை செய்யலைன்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். அதுக்கு அக்கா சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தாங்க, பத்தாததுக்கு வட்டிக்கும் வாங்கினாங்க. நாங்களும் நாலு வீட்டுக்காரங்களும் எங்களால ஆனதைக் கொடுத்தோம். இருந்தும் ரெண்டு விரல் இன்னிக்கு வரைக்கும் மடங்கலை. பைக் பிரேக்கைப் பிடிக்க முடியாது. டெலிவரி வேலை போச்சு. அப்புறம் ஒரு கடையில பில் போடற வேலைக்குச் சேர்ந்தான், பாதிச் சம்பளத்துக்கு.

மூணு பேர்ல கத்தி வெச்சிருந்தவனைப் பிடிச்சாங்க. கேஸ் நடந்து, 2023 கடைசியில தீர்ப்பு. அஞ்சு வருஷம் கடுங்காவல், பத்தாயிரம் ரூபாய் அபராதம், கட்டலைன்னா இன்னும் மூணு மாசம்.

அன்னிக்கு சாயங்காலம், சாஸர்ல இருந்த அந்தப் பாதி பிஸ்கட்டைப் பார்த்துக்கிட்டே அக்கா கேட்டாங்க:

"ஏன் சார், கையை வெட்டுனவனுக்கு உள்ள உக்கார வெச்சு சோறும் போட்டு கூலியும் குடுக்கறாங்க. வெட்டுப்பட்ட புள்ளைக்கு யாரு சார் குடுப்பாங்க?"

உண்மையைச் சொல்லணும்னா, இந்தக் கேள்வி என் மனசுலயும் இருந்ததுதான். அதுக்கு முந்தின வருஷம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல பெரியப்பா ஒருத்தர் ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். 'கைதிகளுக்கு அரசாங்கம் 40,000 ரூபாய் கொடுக்கப் போகிறது! நேர்மையா வரி கட்டறவன் முட்டாளா?'ன்னு. நானும் ஒரு கோப ஸ்மைலி போட்டுட்டு நகர்ந்துட்டேன். பின்னாடி தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. 2023 பட்ஜெட்ல அறிவிச்ச, ஏழைக் கைதிகளுக்கான திட்டம் அது. ஜாமீன் கிடைச்சும் பணம் கட்ட வழியில்லாம உள்ளயே கிடக்கிற விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரைக்கும், தண்டனை முடிஞ்சும் அபராதம் கட்ட முடியாம இருக்கிறவங்களுக்கு 25,000 ரூபாய் வரைக்கும் அரசாங்கம் கட்டும்னு அப்ப இருந்த விதி சொல்லிச்சு. கைதி கையில ஒரு பைசா தர்றதில்லை. கலெக்டர், நீதித்துறை அதிகாரி, போலீஸ் அதிகாரி எல்லாம் இருக்கற மாவட்டக் கமிட்டி பார்த்து முடிவு பண்ணி, பணம் கோர்ட்டுக்குப் போகும். ஊழல் கேஸ், போதைப் பொருள் கேஸ் மாதிரி சிலதுக்கு இது கிடையாது.

2022 கடைசிக் கணக்குப்படி நாட்டுல மொத்தக் கைதிகள் 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலுல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரலை. ஃபார்வர்டுல இந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போச்சு.

சரி, அக்கா கேள்விக்கு வர்றேன். பதில் தெரியாததால நான் சாமர்த்தியமா, "அந்தத் தீர்ப்புக் காகிதம் இருக்கா அக்கா?"ன்னு கேட்டேன். மறுநாள் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல ஜவுளிக்கடை மஞ்சப்பை மாதிரி, இங்க ஒரு மிட்டாய்க் கடை பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரேஷன் கார்டு, தீர்ப்பு நகல், எல்லாம் ஒண்ணா.

அந்தத் தீர்ப்பு நகலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். இதைச் சொல்லாம விட்டுடலாமான்னு யோசிச்சேன், ஆனா சொல்லாம இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை. 2023 டிசம்பர்ல தீர்ப்பு வந்த வாரமே அக்கா அதை என்கிட்ட கொண்டு வந்து, "இன்னா எழுதியிருக்குன்னு பாருங்க சார்"னு நீட்டினாங்க. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். தண்டனை விவரம் இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துட்டு, "அஞ்சு வருஷம் அக்கா, பத்தாயிரம் அபராதம்"னு சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தப் பத்தாயிரம் யாருக்கு சார் போவும்?"

"கவர்மெண்ட்டுக்கு." எவ்வளவு அதிகாரமா சொன்னேன் தெரியுமா!

2024 மே மாசம், அதே காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். கையெழுத்துக்கு மேல, இங்கிலீஷ்ல ரெண்டே வரி. பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு இழப்பீடு தரலாம்னு முடிவு பண்ண, இந்த உத்தரவோட நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்பணும்னு நீதிபதி எழுதியிருந்தார்.

அஞ்சு மாசமா அந்த ரெண்டு வரி மிட்டாய்க் கடைப் பைக்குள்ள இருந்திருக்கு. அந்த அஞ்சு மாசமும் அக்கா வட்டி கட்டியிருக்காங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன் அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கான். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலை.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிச்சதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். வக்கீல் நண்பர்கள் யாராவது படிச்சா தப்பைத் திருத்துங்க.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, அதாவது 1973 சட்டத்துல, 357ன்னு ஒரு பிரிவு. குற்றவாளிக்குப் போடற அபராதத்துலேருந்து ஒரு பங்கையோ முழுசையுமோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போடலாம். அபராதமே போடாட்டாலும் தனியா நஷ்டஈடு கட்டச் சொல்லலாம். இந்த அதிகாரத்தைத் தாராளமா பயன்படுத்துங்கன்னு உச்ச நீதிமன்றம் 1988லயே சொல்லியாச்சு. 2013ல இன்னொரு வழக்குல இன்னும் அழுத்தமா, ஒவ்வொரு கேஸ்லயும் நஷ்டஈடு பத்தி யோசிச்சே ஆகணும், அது நீதிமன்றத்தோட கடமைன்னு சொன்னாங்க. ஆக, "அபராதம் கவர்மெண்ட்டுக்குத்தான்"னு நான் சொன்னது அரைகுறை. நீதிபதி உத்தரவு போட்டிருந்தா அது பையனுக்கே வந்திருக்கலாம்.

ஆனா அதுல ஒரு சிக்கல். குற்றவாளிகிட்ட பணம் இருந்தாத்தானே? அவன் பிடிபடாமலே போயிட்டா? சாட்சி இல்லாம விடுதலை ஆயிட்டா? இதுக்காகத்தான் 2008ல சட்டத்தைத் திருத்தி 357-ஏன்னு புதுசா ஒரு பிரிவு சேர்த்தாங்க. 2009 டிசம்பர் 31லேருந்து அமலுக்கு வந்துது. இதன்படி ஒவ்வொரு மாநிலமும் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் ஒண்ணு வெச்சு, அதுக்குப் பணமும் ஒதுக்கணும். கொடுக்கறது அரசாங்கம். எவ்வளவுன்னு முடிவு பண்றது சட்டப் பணிகள் ஆணையம். கோர்ட் சிபாரிசு பண்ணலாம். குற்றவாளி யாருன்னே தெரியலை, கேஸே நடக்கலைன்னா பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ நேரா மனு போடலாம். ரெண்டு மாசத்துக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். உடனடி மருத்துவ உதவியோ இடைக்கால உதவியோ தேவைப்பட்டா அதுக்கும் வழி இருக்கு. 2024 ஜூலை 1லேருந்து புதுச் சட்டம் வந்து நம்பர்கள் மாறியிருக்கு, 357 இப்ப 395, 357-ஏ இப்ப 396. சாரம் அதேதான்.

இடைக்கால உதவிங்கறதைப் படிச்சப்ப இன்னொரு பழைய வாக்கியம் ஞாபகம் வந்துது. 2022ல ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு அக்காகிட்ட நான்தான் சொன்னேன், "முதல்ல கேஸ் முடியட்டும் அக்கா, அப்புறம் நஷ்டஈடு பத்திப் பார்க்கலாம்"னு. கேஸ் முடியக் காத்திருக்கவே வேண்டியதில்லை.

இப்ப கைதியோட கூலி விஷயம். இதுலயும் நான் நினைச்சிருந்தது ஒண்ணு, இருக்கறது வேற.

கடுங்காவல் தண்டனைன்னா கைதி வேலை செஞ்சே ஆகணும், அவன் இஷ்டம் இல்லை. அந்த வேலைக்குக் கூலி உண்டா இல்லையாங்கற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, 1998 செப்டம்பர்ல தீர்ப்பு வந்துது. குஜராத் அரசு சம்பந்தப்பட்ட வழக்கு. தீர்ப்பு எழுதியவர்கள்ல முக்கியமானவர் நீதிபதி கே.டி. தாமஸ். கடுங்காவல் கைதியை வேலை வாங்கறது தப்பில்லை, ஆனா நியாயமான கூலி கொடுத்தாகணும்னு சொன்னாங்க. கூலியில்லாம வேலை வாங்கறது அரசியல் சட்டத்தோட 23வது பிரிவு தடுக்கற விஷயமாச்சே. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் ஆகற செலவைக் கழிச்சுக்கலாம். மாநிலங்கள் கமிட்டி போட்டுக் கூலியை நிர்ணயிக்கணும்.

இந்தத் தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. கைதியோட கூலியில ஒரு பங்கை ஒதுக்கி, அவனால பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடா கொடுக்க மாநிலங்கள் சட்டம் கொண்டு வரணும்னு சொல்லியிருக்காங்க. தில்லியில சிறை விதியைத் திருத்தி, கூலியில 25 சதவீதம் பிடிச்சு பாதிக்கப்பட்டவங்களுக்கான ஒரு பொது நிதியில போடற ஏற்பாடு செஞ்சாங்க. பொது நிதிங்கறதைக் கவனிங்க. வெட்டினவனோட கூலி வெட்டுப்பட்டவனுக்குன்னு நேரா போற ஏற்பாடு இல்லை.

ஆக, கூலி கொடுக்கறது கைதிக்குச் செய்யற சலுகைன்னு நான் நினைச்சிருந்தேன். யோசிச்சுப் பார்த்தா, உள்ள இருக்கறவன் பாதிக்கப்பட்டவனுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கணும்னா, அவன்கிட்ட இருக்கற ஒரே வழி அந்தக் கூலிதான். அதை நிறுத்தினா அக்கா வீட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலா வராது. அபராதமும் அப்படித்தான். இந்தப் பையனை வெட்டினவன் பத்தாயிரம் கட்டலை, மூணு மாசம் கூட இருந்துடறேன்னுட்டான். அவன் அந்த மூணு மாசம் உள்ள இருக்கறதால அக்காவோட வட்டி குறையப் போறதில்லை.

குரூப்புல பெரியப்பாவுக்கு இதையெல்லாம் எழுதினேன். அவர் விடலை. "உள்ள இருக்கறவனுக்கு எதுக்குடா அரசாங்கக் காசு?"ன்னு திருப்பிக் கேட்டார். அவருக்கு நம்ம நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனை ஞாபகப்படுத்தினேன். இஸ்ரோ விஞ்ஞானி. 1994 நவம்பர்ல உளவுக் கேஸ்ல பிடிச்சு, ஐம்பது நாள் காவல்ல வெச்சாங்க. குற்றச்சாட்டுல உண்மையில்லைன்னு 1996ல சி.பி.ஐ.யே சொல்லிடுச்சு. 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர்ல. அவருக்கு அப்ப எழுபத்தாறு வயசு. 2020ல கேரள அரசு மேற்கொண்டு 1.3 கோடி கொடுத்துது.

அவராவது படிச்சவர், உலகம் அறிஞ்சவர். பீகார்ல ருதுல் ஷான்னு ஒருத்தர். 1968ல கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. ஜெயில்லேருந்து வெளியில விட்டது 1982 அக்டோபர்ல. நடுவுல பதினாலு வருஷம்! 1983ல உச்ச நீதிமன்றம் அவருக்கு 30,000 ரூபாய் கொடுக்கச் சொல்லுச்சு, அதுக்கு முன்னாடி அரசாங்கம் கொடுத்த 5,000 போக. அரசாங்கம் ஒருத்தரோட உரிமையைப் பறிச்சா பணமா ஈடு கட்டணும்னு நம்ம நாட்டுல வழி திறந்துவிட்ட வழக்கு அது. தப்பா உள்ள வெச்சவங்களுக்கு நஷ்டஈடு தர ஒரு சட்டமே வேணும்னு சட்ட ஆணையம் 2018ல அறிக்கை கொடுத்தது.

பெரியப்பா ஒரு கும்பிடு ஸ்மைலி அனுப்பினார். ஒத்துக்கிட்டாரா, போதும்டா சாமின்னாரான்னு தெரியலை.

ஜூன் மாசம் ஒரு நாள் லீவ் போட்டுட்டு அக்காவையும் பையனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். வேடிக்கை என்னன்னா, அந்த ஆபீஸ் நான் சலான் கட்டின அதே கோர்ட் வளாகத்துலதான் இருந்தது, பிஸ்கட் கடையிலேருந்து அம்பது அடி தூரத்துல. 'பீடித் முஆவ்ஸா'ன்னு, அதாவது பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடுன்னு, ஹிந்தியில போர்டே வெச்சிருந்தாங்க. அன்னிக்கு அதைத் தாண்டித்தான் நடந்து வந்திருக்கேன்.

உள்ள ஒரே பெஞ்சு. எங்க பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, ஜெயில்ல இருக்கற தன் பையனுக்கு இலவச வக்கீல் கேட்டு வந்தவங்க. கைதிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இதே ஆபீஸ்தான், சட்டமே அப்படித்தான். அக்கா அந்த அம்மாவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் என்கிட்ட மெதுவா சொன்னாங்க, "கேஸ் நடக்கறப்ப அவனோட அம்மாவும் இப்படித்தான் சார், வராந்தாவுல எங்கூட ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பா. அவளும் வூட்டு வேலைதான் பாக்கறாளாம். ஒரு நாளு அழுதா. நான் ஒண்ணும் கேக்கல."

கோர்ட் அனுப்பின நகல் அந்த ஆபீசுக்கு வந்திருந்தது. அவங்க அனுப்பின கடிதம் அக்காவோட பழைய ஜுக்கி விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. ஜுக்கியை இடிச்சு, இவங்க வாடகை ரூமுக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்க இருந்த பெண் வக்கீல் பையனோட கையை மேஜை மேல வைக்கச் சொல்லி, மடக்கிக் காட்டச் சொன்னாங்க. மூணு விரல் மடங்கிச்சு, ரெண்டு நின்னுது. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிக் காகிதம், ஆதார், பாஸ்புக் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. பாஸ்புக்கைப் பார்த்தா கணக்கு ரெண்டு வருஷமா தூங்கிட்டிருக்கு. அதை எழுப்ப பேங்குக்கு மூணு நடை.

வெளியில வந்ததும் பையன் கேட்டான், "அங்கிள், இது பிச்சை மாதிரி இல்லையா?"

"உன்னைக் காப்பாத்த வேண்டியது அரசாங்கத்தோட பொறுப்பு. அன்னிக்குக் காப்பாத்தலை. அதுக்குத் தர்றாங்க. நீ கூப்பிட்டா போலீஸ் வருதே, அது பிச்சையா?"

"நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தாங்க அங்கிள்."

என்கிட்ட அதுக்குப் பதில் இல்லை.

நவம்பர்ல பணம் வந்தது. எவ்வளவுன்னு எழுத வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாங்க, நியாயம்தான். வட்டிக் கடன் முழுசும் அடைஞ்சுது. சீட்டுல விட்டதுல பாதி தேறிச்சு. விரல் ரெண்டும் அப்படியேதான் இருக்கு. ரெண்டரை வருஷம் முன்னாடியே, முதல் ஆபரேஷன் சமயத்துலயே கேட்டிருந்தா அந்த வட்டியே ஏறியிருக்காது. பிசியோதெரபியைப் பாதியில நிறுத்தினதும் காசில்லாமதான். அது தொடர்ந்திருந்தா அந்த விரல்கள் மடங்கியிருக்குமோன்னு ஒரு எண்ணம் வரும். டாக்டர்கிட்ட கேக்கற தைரியம் எனக்கு வரலை.

பணம் வந்த அன்னிக்கு அக்கா எங்க வீட்டுக்கு ஒரு டப்பா லட்டு வாங்கிட்டு வந்தாங்க. டீ குடிக்கும்போது நான் கேட்டேன், "இப்ப மனசு ஆறிச்சா அக்கா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க.

"கடன் தீந்துச்சு சார். ஆனா இது கவர்மெண்டு காசு. அவன் உள்ள சம்பாரிக்கறான்னீங்களே, அதுல மாசம் பத்து ரூவா என் புள்ள பேருக்கு வந்துச்சுன்னா நல்லாருக்கும். அவன் ஒவ்வொரு மாசமும் நெனப்பான் இல்ல?"

சட்டப் புத்தகத்துல இழப்பீடுன்னு இருக்கறதுக்கும், செஞ்சவனே திருப்பித் தர்றதுக்கும் என்ன வித்தியாசம்னு நான் நாலு வாரம் படிச்சும் எனக்குப் புரியாதது அப்ப புரிஞ்சுது. மே மாசம் 'அவனுக்கு எதுக்குக் கூலி'ன்னு கேட்ட அதே அக்கா, நவம்பர்ல அவனுக்குக் கூலி வேணும்னு சொல்றாங்க. தன் பிள்ளைக்கு ஒரு பங்கோட. 1998 தீர்ப்பு சொன்னதும் ஏறக்குறைய அதைத்தான். அக்கா அதைப் படிச்சதில்லை.

இனி, வெளிமாநிலத்துல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு உபயோகமா சில விஷயம்:

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிக் காகிதங்கள், செலவு ரசீதுகள் எதையும் தூக்கிப் போடாதீங்க. குற்றம் எந்த மாநிலத்துல நடந்ததோ அந்த மாநிலத் திட்டத்துலதான் கேட்கணும். ஊர்ல நடந்ததுன்னா தமிழ்நாட்டுக்கும் 2013லேருந்து தனித் திட்டம் இருக்கு. மனு போடக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீங்க. மாவட்டக் கோர்ட்ல சட்டப் பணிகள் ஆணைய ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் பண்ணியும் விசாரிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு.

பெண்கள் மேல நடக்கற குற்றங்களுக்கு 2018ல தேசிய அளவுல வகுத்த திட்டப்படி தொகை இன்னும் அதிகம். ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களுக்குக் குறைந்தது மூணு லட்சம்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதுல ஒரு லட்சத்தைப் பதினைஞ்சு நாளுக்குள்ள தரணும். வண்டி இடிச்சுட்டு நிக்காமப் போனா அது வேற திட்டம். 2022 ஏப்ரல்லேருந்து உயிரிழப்புக்கு ரெண்டு லட்சம், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம். அதுக்கு தாசில்தார் அல்லது எஸ்.டி.எம். ஆபீஸ்ல மனு போடணும்.

நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்க, இஸ்திரி போடறவர், வாட்ச்மேன், டிரைவர், இவங்க யார் வீட்டுலயாவது ஒரு மிட்டாய்க் கடைப் பை இருக்கும். அவங்க அதை உங்ககிட்ட நீட்டினா, ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. நான் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்க அஞ்சு மாசம் எடுத்துக்கிட்டேன்.